தோப்பில் ஒரு எலி

அத்தையின் குடும்பம் பிரான்சிலிருந்து வந்த ஆண்டு, ஆடி மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் யாரும் கல்யாணம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆடியில் அந்தப் பேச்சு ஆகாது. அவர்களுக்கு விடுமுறை கிடைப்பதோ ஆடியில்தான். ஆவணி மூன்றாம் நாள் தட்டு மாற்றுவது, ஐந்தாம் நாள் அவர்கள் விமானம் ஏறுவது என்று கடிதத்திலேயே முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை, அத்தையின் மூத்த மகன். அங்கேயே வேலையில் இருந்ததால் அவர் வரவில்லை. பெண், என் அக்கா. அவளுக்குப் பத்தொன்பது வயது. எனக்குப் பத்து.

மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கம் 'சொல்தா' என்பார்கள். எங்கள் ஊரான குரும்பகரத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் விசாரித்ததில்லை. அவர்களோடு வந்த இளைய மகனுக்குப் பதினான்கு வயது. எனக்கு அத்தான் முறை. அவனுக்குத் தமிழில் மரியாதை விகுதி பிடிபடவில்லை. அப்பாவைப் பார்த்து, "மாமா, நீ குளிச்சிட்டியா?" என்பான். அப்பா, "ஆச்சுங்க தம்பி, நீங்க குளிச்சீங்களா?" என்று கேட்பார். அவன் கேலி புரியாமல் தலையாட்டுவான்.

அவன் கொண்டுவந்த வீடியோ விளையாட்டு உள்ளங்கையில் அடங்கியது. இரண்டு ரப்பர் பொத்தான்கள், நடுவில் சாம்பல் நிறக் கண்ணாடி. மின்னணுக் கைக்கடிகாரத்தில் எண்கள் தெரிவதைப்போல அதில் கறுப்பு உருவங்கள் தோன்றி மறைந்தன. ஓர் ஒற்றன் கோட்டைக்குள் புகுந்து காகிதங்களை எடுத்துக்கொண்டு, காவலர்கள் சுடச் சுடப் பாலத்தைக் கடந்து, அக்கரையில் நிற்கும் நால்வரில் ஒருவனிடம் கொடுக்க வேண்டும். ஏதோ பழைய படத்தின் கதையாம். பட்டாளத்தில் திரை கட்டிக் காட்டியபோது மாமா பார்த்திருக்கிறார். "படத்துல அவன் பாலத்துலயே செத்துப்போயிடுவாம்மா. இதுல மூணு உசுரு குடுத்திருக்கான்" என்றார்.

இரண்டாம் நாளே நான் பாலத்தைக் கடந்துவிட்டேன். ஆனால் காகிதத்தைக் கொடுத்ததும் ஒற்றன் செத்தான். அத்தான் பொறுமையிழந்து, "தோப்! தோப் பாரு!" என்று கத்தினான். நான் திரையில் தோப்பைத் தேடினேன். பாலத்தின் ஓரத்தில் ஒரே ஒரு மரம் இருந்தது. அதைத் தோப்பு என்று சொல்ல முடியாது.

சித்தப்பாவைக் கேட்டோம். அவர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் குமாஸ்தா, பள்ளியில் பிரெஞ்சு படித்தவர். விளையாட்டோடு வந்த தாளை வாங்கிப் பார்த்து, "தோப்புமில்ல, துரவுமில்ல. இது ஏதோ பிராணி" என்றார். மறுநாள் அகராதி பார்த்துவிட்டு வந்தார். மண்ணைத் தோண்டி வளைக்குள் வாழும் எலி மாதிரி ஒன்று என்று அதில் போட்டிருந்தது. அக்கரையில் ஓர் எலி உண்டு, எச்சரிக்கையாக இரு என்று தாள் சொல்வதாகப் படித்துக்காட்டிவிட்டு, அவரே குழம்பினார்.

குறுவை நடவு முடிந்திருந்த சமயம். வரப்பில் எலி வளை வெட்டித் தண்ணீர் ஓடிவிடுவது அப்பாவுக்கு அன்றாடத் தொல்லை. "இதுல என்னடா கொழப்பம்?" என்று சித்தப்பாவைக் கேட்டுவிட்டு, என்னிடம், "பாலத்துக்கு அடியில வளை வெட்டியிருக்கும். அங்க பாரு" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. அன்று முதல் பாலத்துக்கு அடியிலேயே கண் வைத்திருந்தேன். மேலே ஒற்றன் குண்டடி பட்டுக்கொண்டிருந்தான்.

உள்ளே இருந்த பொத்தான் பேட்டரி தீர்ந்தால் காரைக்காலில் கிடைக்காது என்பதால், விளையாட்டை அத்தை தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மத்தியானம் சாப்பாடு ஆனதும் எனக்கு மூன்று ஆட்டம் தருவாள். நான் ஆடும்போது பக்கத்தில் படுத்தபடி கேட்பாள்.

"ஒங்கம்மா காலையில என்னடி மொணமொணன்னுட்டிருந்தா?"

நான் சொல்வேன். அத்தை கொண்டுவந்த புடவை உடம்பில் ஒட்டவில்லை என்று அம்மா சொன்னது, மாமா படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று சித்தி சொன்னது, எல்லாம். சொன்னால் நாலாவதாக ஓர் ஆட்டம் கிடைக்கும். சில நாள் ஐந்து.

அக்காவுக்கு இது தெரிந்திருந்தது. "மத்தியானச் செய்தி வாசிச்சாச்சா?" என்று கேட்பாள்.

அக்காவுக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்து அட்டை வந்திருந்தது. அப்பா அதைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்து மூடிவிட்டார். "ரெண்டு வருஷந்தானேப்பா" என்று அக்கா ஒரு தடவை கேட்டாள். "பிரான்சுக்குப் போறவளுக்கு இது எதுக்குடி?" என்றார் அப்பா. அக்கா மறுபடி கேட்கவில்லை. பள்ளியில் சேரக் கடைசி நாள் ஆவணி பத்து.

ஆடி கடைசி வாரத்தில் ஒரு காலை, எனக்குத் தலை பின்னும்போது அக்கா சொன்னாள்.

"ஒங்கிட்ட ஒண்ணு சொல்றேன். என் நட்சத்திரம் கேட்டை இல்லடி. மூலம். பொறந்த நேரத்த மாத்தி ஜாதகம் எழுதியிருக்கு. அப்பாவும் சித்தப்பாவும் ஜோசியர்கிட்ட போயி எழுதிட்டு வந்தாங்க."

"ஏங்க்கா?"

"மூலத்துல பொறந்தவ மாமனாருக்கு ஆகமாட்டாளாம். யாருகிட்டயும் சொல்லாத. அத்தகிட்ட சொல்லவே சொல்லாத."

பின்னி முடித்து ரிப்பன் கட்டும்போது மறுபடி சொன்னாள். "அத்தகிட்ட மட்டும் சொல்லிடாதடி."

கேட்டையில் பிறந்தவள் கணவனின் அண்ணனுக்கு ஆகமாட்டாள் என்பார்கள். அத்தையின் மூத்த மகனுக்கு அண்ணன் கிடையாது. மூலம் அப்படியல்ல. மாமாவுக்கு அதற்கு முந்தைய ஆண்டு நெஞ்சில் அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். இதையெல்லாம் நான் பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்தது, கையில் ஒரு புதுச் செய்தி இருக்கிறது என்பது மட்டும்.

மத்தியானம் அத்தையிடம் சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். மூன்று ஆட்டம் முடிந்து விளையாட்டை நீட்டியபோது, "வச்சு ஆடு" என்றாள். ஏழு ஆட்டம் ஆடினேன். ஏழிலும் காகிதத்தைத் தப்பான ஆளிடம்தான் கொடுத்தேன்.

ஆவணி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பே அவர்கள் புறப்பட்டார்கள். மாமாவுக்கு மூச்சு சரியில்லை என்று காரணம் சொன்னார்கள். அது உண்மையும்கூட. அத்தை அக்காவின் கையில் ஒரு சென்ட் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, அப்பாவிடம், "ஜாதகத்த திருப்பிக் குடுத்துட்டுப் போறேன் தம்பி. பொறந்த நேரத்த நல்லா பாத்து வச்சுக்கங்க" என்றாள்.

அப்பா யோசித்துப் பார்த்தார். அவர் கணக்கில், நேரம் மாற்றியது தெரிந்தவர்கள் அவர், அம்மா, ஜோசியர், சித்தப்பா. சித்தப்பாவுக்குப் பதினேழு வயதில் ஒரு மகள் இருந்தாள். அன்று மாலையே வாசலில் வைத்துக் கேட்டுவிட்டார்.

"ஒம் பொண்ணுக்கு வழி பண்ண எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணப் போட்டியாடா?"

"அண்ணே, சாமி சத்தியமா நான் சொல்லலண்ணே."

"வேற எவன் சொன்னான்? எலி வந்து சொல்லிச்சா?"

நான் கதவோரம் நின்றிருந்தேன். சித்தப்பாவை ஏன் திட்டுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. நான் சொன்னது ஒரு நட்சத்திரத்தின் பெயர். சண்டை வேறு எதைப் பற்றியோ என்றுதான் நினைத்தேன். அக்கா அடுப்படியில் கரண்டியோடு நின்றாள். வெளியே வரவில்லை.

அப்பா ஆறு வருடம் சித்தப்பாவிடம் பேசவில்லை. சித்தப்பாவின் மகளை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்தார்கள்; அந்தக் கல்யாணத்தில்தான் இருவரும் பேசிக்கொண்டார்கள். அக்கா ஆவணி எட்டாம் தேதி பஞ்சாங்கத்துக்குள் இருந்த அட்டையை எடுத்துக்கொண்டு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். அப்பா தடுக்கவில்லை. மண்டபத்தூரில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றாள். 'தோப்' என்ற அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு என்பது, பிற்பாடு நான் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்து ஓர் உளவு வழக்கை மொழிபெயர்த்தபோது தெரியவந்தது. கூடவே இருந்துகொண்டு உள்விவகாரத்தை வெளியே சொல்பவர்.

ஏழு ஆட்டம் ஆடிய அன்று சாயங்காலம் அக்கா என்னைக் கூப்பிட்டு மடியருகே உட்காரவைத்தாள்.

"இன்னிக்கு எத்தன ஆட்டம் குடுத்தாங்க?"

"ஏழு."

"ஏழா?" என்றாள். பிறகு கலையாமல் இருந்த என் பின்னலை அவிழ்த்து, முதலிலிருந்து மெதுவாகப் பின்னத் தொடங்கினாள். அவள் ஆட்டத்தைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, ஒற்றன் ஒவ்வொரு முறையும் பாலத்தை எப்படிக் கடந்தான் என்பதை நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.