விமானத்தில் வந்த மாமன் மடி

அன்னக்கொடி தன் மாமியாரை எதிர்த்து ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறாள். அந்த ஒரு பேச்சுக்கே ஆசாரியும் ஊசியுமாக ஒரு ஜீப் போடியிலிருந்து மதுரை விமான நிலையம் வரைக்கும் ஓடியது. அடிக்கடி பேசியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிறவள் அவள். அதற்கு முன்னால் மலையில் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள். அப்பனும் ஆத்தாளும் எஸ்டேட் லயத்து வீட்டிலேயே அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட, தம்பி மகாராஜனை ஆளாக்கியது இவள் கைதான். அவன் இப்போது அபுதாபியில் கட்டட வேலை பார்க்கிறான். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு கண்ணாடி பதிக்கிற வேலை. அதைப் போனில் அவன் காட்டிய அன்று அன்னக்கொடிக்குச் சோறு இறங்கவில்லை.

பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். அந்த மடி இல்லாவிட்டால், பிறந்த வீட்டு நாதியில்லாதவள் என்று ஊர் நினைக்கும். வாய்விட்டுச் சொல்லாது. பந்தியில் இலை போடும்போது ஒரு பார்வை பார்க்கும், அவ்வளவுதான். அது போதாதா?

மூத்தவன் ஜெகதீஷுக்கு அப்படித்தான் ஆனது. அப்போது அபுதாபியிலிருந்து மதுரைக்கு நேரே விமானம் கிடையாது. மகாராஜன் கொச்சியில் இறங்கி, மூணாறு ஏறி, பூப்பாறை வந்து, போடிமெட்டை நெருங்குகிற நேரம் பார்த்து மலைப்பாதையில் மண் சரிந்தது. மாமன் மேலே, பிள்ளை கீழே. நல்ல நேரம் யாருக்காகக் காத்திருக்கும்? சித்தப்பன் மடியில் வைத்துக் குத்தினார்கள். கறிச்சோறெல்லாம் தீர்ந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, மறுநாள்தான் அவன் வந்து சேர்ந்தான். கொண்டுவந்த வெள்ளி அரைஞாணைப் பிள்ளை இடுப்பில் கட்டிவிட்டு, அக்கா முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். லீவில் பாதி வழியிலேயே போய்விட்டதால் அடுத்த நாளே திரும்பவும் வேண்டியிருந்தது. அவன் கிளம்பிய பிறகு அன்னக்கொடி அடுப்படியில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

இப்போது இளையவள் முத்துப்பிரியாவுக்குக் காது குத்த வேண்டும். இதற்குள் மதுரை விமான நிலையமே வேறாகிவிட்டது. ராப்பகல் எந்நேரமும் விமானம் இறங்கலாம் என்று ஆக்கி, அபுதாபிக்கே நேரே விமானம் விட்டிருந்தார்கள். ஓடுதளத்தை இன்னும் நீட்டப் போகிறார்களாம், பெரிய பெரிய விமானமெல்லாம் வரப் போகிறதாம் என்று டீக்கடைகளில் ஒரே பேச்சு. அன்னக்கொடிக்கு அந்தப் பேச்செல்லாம் காதில் ஏறவில்லை, மகாராஜன் போன் பண்ணுகிற வரைக்கும்.

"எக்கா, வெள்ளிக்கிழமை விடிய மதுரையில எறங்கிருவேன். காது குத்தி, சோறு தின்னுட்டு, ஞாயித்துக்கெழமை கெளம்பிருவேன். மூணு நா லீவு போதும்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கடல் தாண்டி இருக்கிறவன் மூன்று நாள் லீவில் வந்துபோவதாவது! பக்கத்து ஊரான கம்பத்தில் இருக்கிறவன் கல்யாணத்துக்கு வருகிற மாதிரியல்லவா பேசுகிறான்!

வெள்ளிக்கிழமை விடிந்தது. போடியை அடுத்த சிலமலைப் பக்கம் குலதெய்வக் கோயிலில் மொட்டை முடிந்து, முத்துப்பிரியா தலையில் சந்தனம் பூசியாயிற்று. கறி அடுப்பேறிவிட்டது. மணி ஏழாகப் போகும்போதுதான் அன்னக்கொடி போனை எடுத்து, மகாராஜன் அனுப்பியிருந்த செய்தியைப் பார்த்தாள். அபுதாபியில் பனிமூட்டமாம், விமானம் தாமதமாகக் கிளம்புகிறதாம், மதுரையில் இறங்க ஒன்பது மணி ஆகிவிடுமாம். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் குத்தியாக வேண்டும். மதுரையிலிருந்து இங்கே வர, எப்படி விரட்டினாலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது.

மாமியார் ராமுத்தாய் கெட்டவள் இல்லை. நல்ல நேரம் தவறக் கூடாது என்கிற கவலைதான் அவளுக்கு. "அதுக்கென்னத்தா, போன தடவை மாதிரி சித்தப்பன் மடியில வச்சுக் குத்திருவோம். வெரசா ஆகட்டும்" என்றாள்.

போன தடவை மாதிரி! அன்னக்கொடி பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"மாமன் இங்க வர முடியலைன்னா, பிள்ளைய மாமன்கிட்ட நான் கொண்டு போறேன். ஆசாரி, ஊசிய எடுத்துக்கிட்டு ஜீப்புல ஏறுங்க!"

ராமுத்தாய்தான் முதலில் வாயைத் திறந்தாள். "கிறுக்கு பிடிச்சிருச்சா ஒனக்கு? சாமி இங்கன இருக்கு, காத அங்கன குத்துனா செல்லுமாடி?"

"சாமி திருநீறு என் முந்தியில இருக்கு அத்தை. சாமிக்குத் தெரியாத ஊரா மதுரை?"

அவள் புருஷன் விஜயபாண்டி தினமும் எஸ்டேட் பெண்களை மலைக்கு ஏற்றி இறக்குகிற ஜீப் டிரைவர். வாயில் கொழுக்கட்டைதான், பேசவே மாட்டான். போய் ஜீப்பைக் கிளப்பினான். முதலில் ஏறி முன்சீட்டைப் பிடித்தது யார் என்கிறீர்கள்? ராமுத்தாய்தான்! இப்படி ஒரு கூத்தைப் பார்க்காமல் விடுவாளா அவள்?

"யாரும் கை நனைச்சிராதீங்க! மாமன் வந்துதான் பந்தி!" என்று அன்னக்கொடி கத்தியது அடுப்பு மூட்டியவர்களுக்கும் கேட்டது.

ஜீப் உசிலம்பட்டியைத் தாண்டியது. ஆசாரி கண்ணுச்சாமி ஊசிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஊசியப் பாத்ததும் பிள்ளைக ஓடிப் பாத்திருக்கேன். ஊசியே ஓடி இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். ராமுத்தாய்கூடச் சிரித்துவிட்டாள். அன்னக்கொடி சிரிக்கவில்லை. அவள் கண் போனில் ஓடுகிற மணியிலேயே இருந்தது.

விமான நிலையத்தை நெருங்கும்போது பிள்ளை தூங்கிப்போயிருந்தது. அன்னக்கொடி அதுவரை விமானத்தை மலையிலிருந்துதான் பார்த்திருக்கிறாள், வானத்தில் ஒரு ஏலக்காய் அளவுக்கு. வேலிக்கு அப்பால் ஓடுதளம் கண்ணுக்கெட்டிய மட்டும் கிடந்தது. விஜயபாண்டி வேகத்தைக் குறைத்து மேற்கே கை காட்டினான்.

வெள்ளையாய் ஒரு புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு இறக்கை வந்தது, சக்கரம் வந்தது, வரிசையாகச் சன்னல்கள் வந்தன. சத்தம் வந்து நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்ந்தது. ஒரு தெருவே வானத்திலிருந்து இறங்கி வருகிறது என்றுதான் அவளுக்குப் பட்டது. அவ்வளவு பெரிசு, அவ்வளவு வேகம், எப்படித்தான் இவ்வளவு பதமாகத் தரையில் வந்து உட்கார்கிறது! சக்கரம் பட்ட இடத்தில் லேசாகப் புகை கிளம்பி அடங்கியது. அவளை அறியாமல் கை இரண்டும் குவிந்துவிட்டன.

"ஆத்தாடி ஆத்தா!" என்றாள் ராமுத்தாய். "இம்புட்டுப் பெரிசையா நம்ம மகாராசனுக்காக அனுப்பியிருக்காய்ங்க?"

வாகனம் நிறுத்துகிற இடத்தில் ஜீப்பை நிறுத்தி ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்துக் கிடந்தார்கள். கைப்பை ஒன்றோடு, பெட்டி எதுவும் இல்லாமல், வாசலிலிருந்து ஓட்டமாக ஓடி வந்தான் மகாராஜன். ராகுகாலத்துக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. நலம் விசாரிக்கக்கூட விடாமல் அன்னக்கொடி அவனை ஜீப்பின் பின்சீட்டில் தள்ளி, தூக்கக் கலக்கத்தில் இருந்த பிள்ளையை மடியில் வைத்தாள். பிள்ளை நெற்றியிலும் அவன் நெற்றியிலும் திருநீற்றைப் பூசினாள்.

"தலைய இறுக்கிப் பிடிங்க மாப்ளே" என்றார் ஆசாரி.

முத்துப்பிரியா போட்ட சத்தத்தில், பெட்டி தள்ளிக்கொண்டு போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது காதும் முடிந்தபோது பிள்ளை அழுகையை நிறுத்தி மாமனை வேடிக்கை பார்த்தது. ஏனென்றால் அவன் அழுகை இன்னும் நிற்கவில்லை. மாடி மாடியாகத் தொங்குகிற ஆள், பிள்ளையை அணைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதான்.

அன்னக்கொடி கீழே உட்கார்ந்து அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவன் பூட்ஸைப் பார்த்தாள். வெளிறிய மண் அப்பியிருந்தது.

"என்னடா இது, இந்த ஊர் மண்ணு இல்லையே?"

"வேலை பாக்குற எடத்து மண்ணுக்கா. நேத்துச் சாயங்காலம் சோலி முடிஞ்சு அப்படியே ஓடியாந்துட்டேன்."

அவள் அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். கைக்கு எட்டாத சீமை என்று நினைத்து எத்தனை பொழுது அழுதிருக்கிறாள்! அந்தச் சீமையின் மண் காலிலிருந்து உதிர்வதற்குள் ஆள் வந்து அக்கா மகளை மடியில் வைத்திருக்கிறான்.

"இம்புட்டுத்தானாடா தூரம்?" என்றாள். "இதுக்கா இத்தனை வருசம் அழுதோம்?"

முந்தானையால் அவன் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டாள்.

"அடுத்த தடவை விசேசம், காரியம்னு எதுவும் இல்லாம சும்மா வாடா. ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போ."

"வர்றேங்க்கா."

போனில் எத்தனையோ முறை அவன் சொன்ன வார்த்தைதான். அன்றைக்குத்தான் அவள் அதை நம்பினாள்.