Z-க்குப் பின்னால் தள்ளப்பட்ட வீடுகள்

ஏதெல்மிரா ஞன்குபெல்லின் பாதி ஆயுள் வானொலி நிலையத்தின் சேதி ஜன்னலில் கழிந்தது. சிலி நாட்டுக் கெய்லின் தீவிலிருந்து கல்யாணத்துக்காகத் துறைமுகத்துக்கு வந்தாள். கல்யாணம் நிலைக்கவில்லை, வேலை நிலைத்தது. கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காத தீவுகளுக்கெல்லாம் அந்த ஜன்னல்தான் தபால்பெட்டி. “அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது”, “வியாழக்கிழமைப் படகில் மாவு மூட்டை வருது, ஆள் அனுப்புங்க” என்று கரையில் உள்ளவர்கள் சொல்வார்கள். மதிய ஒலிபரப்பில் தீவுகள் கேட்கும்.

சேதிகள் குடும்பப் பெயரின் ஸ்பானிய அகரவரிசையில், A முதல் Z வரை, வரும். தீவுகளில் மின்சாரம் கிடையாது, ரேடியோ பேட்டரியில் ஓடும். அதனால் அகிலார் வீட்டார் தொடக்கத்திலேயே வந்து உட்காருவார்கள். கடைசிப் பக்கம் வரும் வார்காஸ் வீட்டார் மாத்தே தேநீர் குடித்து முடித்துவிட்டு நிதானமாக ரேடியோவைத் திருகுவார்கள். தன் எழுத்து தாண்டிவிட்டால் ரேடியோவை அணைத்துவிடுவது எல்லா வீட்டிலும் வழக்கம்.

முன்பு அறிவிப்பாளர் சீட்டுகளை அடுக்கி வைத்துப் படிப்பார். ஏப்ரலில் அவர் ஓய்வு பெற்றார், புது லினக்ஸ் கணினி வந்தது. இப்போது ஏதெல்மிராவே சேதியைக் குரலில் பதிந்து, சேதி யாருக்கோ அவர் குடும்பப் பெயரையே கோப்புக்கு வைப்பாள். மதியம் கணினி பெயர்வரிசைப்படி தானே ஒலிபரப்பும். அந்த நேரத்தில் ஜன்னலில் கூட்டம் நெரியும், அவளால் ஒலிபரப்புக்குக் காது கொடுக்க முடியாது.

ஜூன் மாத மழையில் ஒருநாள் அவள் சித்தப்பா மகன் எலியேசர் நனைந்த கோட்டோடு ஜன்னலை அறைந்தான்.

“உங்க ரேடியோவைத் தூக்கிக் கடல்ல போடுங்க அக்கா! அப்பாவை ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல. மனுஷன் காலில் கட்டோட படகுத்துறையில் இருட்டுற வரைக்கும் மழையில் உட்கார்ந்திருக்கார். இப்ப நெஞ்சில் சளி கட்டித் திரும்ப அதே ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருக்கார்.”

அர்தெமியோ சித்தப்பாவைப் பற்றிய அந்தச் சேதியைப் பதிந்ததே ஏதெல்மிராதான். நிலையத் தலைவர் அபெலார்தோ உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

“சேதி போயிருக்கு. கணினியில் பதிவே இருக்கு, வந்து பாருங்க. கேக்காம விட்டது உங்க தப்பு.”

“கேக்காமலா? நவாரோ வீட்டுக்குச் சொன்னாங்க. அடுத்து ஒஹேதா வந்துட்டான். எங்க எழுத்து தாண்டிடுச்சேன்னு அணைச்சோம். பேட்டரி என்ன மரத்திலயா காய்க்குது?”

N-க்கும் O-வுக்கும் நடுவில்தான் Ñ. நெற்றியில் அலைக்கோடு போட்ட ‘ஞ’ எழுத்து. முதல் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஏதெல்மிரா உள்ளே போய் அன்றைய கோப்பு வரிசையைத் திறந்தாள். நவாரோ, ஒஹேதா, ஓயார்ஸூன், அப்படியே சபாத்தா வரை. Z முடிந்த பிறகு, வாலில், ஆல்வாரெஸ். A-வின் தலையில் ஒரு கோடு இருந்த குற்றத்துக்காக. அவருக்கும் கீழே ஞன்குபெல்.

கணினியை அமைத்துக் கொடுத்த விளாடிமிரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

“அது பிழை இல்லீங்க தோன்யா ஏதெல்மிரா. C-ன்னு ஒரு அமைப்பு இருக்கு. அது எந்த நாட்டுக்கும் சேராது, எந்த மொழியும் அதுக்குத் தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ளே ஒரு எண் இருக்கும், அதை மட்டும் பார்த்து அடுக்கும். உங்க எழுத்தோட எண் Z-க்கும் பெருசு.”

“சிலியில் இருக்கிற ரேடியோவுக்கு எந்த நாட்டுக்கும் சேராத அமைப்பு எதுக்கு?”

“எங்க போட்டாலும் ஒரே மாதிரி ஓடும், எனக்குச் சுலபம். நீங்க ஒண்ணு செய்ங்க. மேல இருக்கிற கோட்டை எடுத்துட்டு வெறும் N போட்டுச் சேமிங்க. வேலை முடிஞ்சது.”

“நல்ல யோசனைதான்” என்றார் அபெலார்தோ, பக்கத்தில் நின்று.

ஏதெல்மிராவின் முகம் சிவந்தது. “ஆஸ்பத்திரிச் சீட்டில் கோடு இருக்கு. எங்க தாத்தா கல்லறையில் கோடு இருக்கு. உங்க பெட்டிக்குச் சுலபமா இருக்கணும்னு நாங்க பேரை மாத்திக்கணுமா? ஏன் தம்பி, சிலி ஸ்பானியம் அந்தப் பெட்டிக்குள்ள வரவே வராதா?”

விளாடிமிர் குரலைத் தாழ்த்தினான். “அது... ஏற்கெனவே இருக்குங்க. ஒலிபரப்பு நிரலுக்கு மட்டும்தான் நான் C போட்டேன்.”

“இருந்துமா!”

“அடுத்த மாசம் நேர்ல வந்து—”

“எலியேசர் படகேறிப் போயிட்டான். சித்தப்பாவை நாளன்னைக்கு மறுபடி அனுப்புறாங்கன்னு இப்பத்தான் ஆஸ்பத்திரிச் சீட்டு வந்துச்சு. நாளைக்கு மதியம் அந்த வீட்டுக்குச் சேதி போயாகணும். இப்பச் சொல்லு, எந்த வரி?”

அவன் எழுத்தெழுத்தாகச் சொன்னான். அவள் அடித்தாள். ஒரே ஒரு வரி. கோப்புகள் இடம் மாறின: நவாரோ, ஞன்குபெல், ஒஹேதா. மூன்று மாதமாகத் தீவு வீடுகளை ஊமையாக்கி வைத்தது இந்த ஒரு வரியா என்று அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது, நிம்மதி வரவில்லை.

“சரியாயிடுச்சில்ல, விடு. வெளியே சொல்ல வேண்டாம், நிலையத்துக்கு அசிங்கம்” என்றார் அபெலார்தோ.

“அசிங்கம்தான் தோன் அபெலார்தோ. அதனாலதான் சொல்லணும்.”

மறுநாள் ஞன்குபெல் வீட்டுச் சேதிக்கு அடுத்து, அதே எழுத்தில், அவள் குரலிலேயே இன்னொன்றும் ஒலித்தது. “Ñ வீடுகளுக்கும், தலையில் கோடு போட்ட மற்ற எல்லா வீடுகளுக்கும். ஏப்ரலிலிருந்து உங்க சேதிகளை நீங்க ரேடியோவை அணைச்ச பிறகுதான் சொல்லியிருக்கோம். தப்பு எங்களோடது. என்ன தவறிப்போச்சுன்னு வந்து கேளுங்க.” கோடு போட்ட A-வில் தொடங்கும் வீடுகளுக்காக அதையே வரிசையின் முதலிலும் வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை எலியேசர் படகோடும் கம்பளியோடும் துறையில் காத்திருந்தான். சித்தப்பா மகனைத் திட்டிக்கொண்டே ஏறினார், அந்த அளவுக்குத் தேறியிருந்தார்.

திங்கட்கிழமை ஜன்னலில் கூட்டம். ஒருத்திக்குத் தங்கை பிரசவம் தெரியாமல் போயிருந்தது. ஒரு கிழவர் அண்ணனின் அடக்கத்துக்கே போகவில்லை. அவர் தொப்பியைக் கையில் பிசைந்தபடி, “இதுக்கு யாரம்மா பதில் சொல்லுவாங்க?” என்று கேட்டார்.

ஏதெல்மிரா எழுந்து பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

“இரண்டாவது அறை. தலைவர் உள்ளேதான் இருக்கார். எல்லாரும் சேர்ந்தே போங்க, நானும் வர்றேன்.”