பச்சை வயரில் கட்டிய ஆடு

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: இயந்திரத்தை இயக்கும் ஜெர்மன்காரர், பெட்டியை வாங்க வந்த கம்பனியின் அரபி, கிரேன் ஓட்டும் நேபாளி, அளவெழுதும் மலையாளி, துடைக்கிற துணியோடு நான். மழையைக் காண்பதே அரிதான இந்த வளைகுடா நாட்டில், தேத்தண்ணி குடித்துவிட்டு நாங்கள் மின்னல் செய்கிறோம். சம்பளத்துக்கு.

பெட்டி என்பது மின்நிலையத்தின் சுவிட்ச். இரும்புக் கூட்டுக்குள் கரண்ட் ஓடும் குழாய் இரும்பில் முட்டாதபடி பிசினால் வார்த்த கூம்பு தாங்கி நிற்கும்; மிச்ச இடமெல்லாம் அமுக்கி நிரப்பிய வாயு. மின்னலைத் தாங்குமா என்று பார்க்க அந்தப் பெட்டியில் ஆறரை லட்சம் வோல்டைப் பதினைந்து தடவை அடிப்பார்கள். பிறகு பிளஸ் மைனஸ் மாற்றி இன்னும் பதினைந்து. வாயுவில் பொறி பறந்தால் அது தானாக ஆறிவிடும், இரண்டு தடவைவரை மன்னிப்புண்டு. பிசினில் ஒரு தடவை பறந்தாலும் பெட்டி தோல்வி. மூடுமுன் கூம்பைத் துடைத்தவன் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான். துணியிலிருந்து ஒரு நூல் உள்ளே விழுந்திருந்தாலும் போதும்.

ஆனால் அன்று என் பயம் பெட்டிக்காக அல்ல. சம்மாந்துறைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது என்று எங்கள் ஊர் சாய்ந்தமருதிலிருந்து மனைவி பரீனா போனில் குரல் அனுப்பியிருந்தாள். போன லீவில், கரண்ட் கம்பி வழியே வரும் மின்னலைப் பிடித்து மண்ணுக்குள் விடுகிற சாமான் ஒன்றை வீட்டில் பொருத்தினேன். கிணற்றடியில் செம்புக் கம்பி நட்டு, சாமானிலிருந்து அதற்குப் பச்சை வயரும் இழுத்தாயிற்று. இரண்டாம் நாளே அவளுடைய காக்கா, மூத்த அண்ணன், அந்த வயரை வெட்டிவிட்டார்.

"இது இடிய வா வா எண்டு கூப்புடுற வயர். உங்கட அரபு நாட்டு வித்தைய எங்கட ஊட்டுல காட்டாதீங்க மச்சான்."

வெட்டிய வயரில் ஆட்டைக் கட்டினார். பசாரில் செருப்பு விற்கும் மனிதருக்கு மின்னலைப் பற்றித் தெரியாதது என்ன இருக்கிறது? எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. தங்கச்சிக்குக் கட்டிக் கொடுத்தவர் அவர். நான் வந்து தங்கிய மாப்பிள்ளை. சுவரில் ஆணி அடிப்பதற்கும் அவரிடம் கேட்க வேண்டும்.

என் முகத்தைப் பார்த்த ஜெர்மன்காரர், உன் ஊரில் மின்னல் உண்டா என்று கேட்டார். ஓம், இப்போதும் அடித்துக்கொண்டிருக்கும் என்றேன். தோளில் தட்டி, இங்கே மின்னல் கிடையாது, பயப்படாதே என்றார். சொல்லிவிட்டுப் போய் அடுத்த அடிக்குப் பொத்தானை அமத்தினார்.

பெட்டி தாங்கியது. பிள்ளை பிறந்ததுபோல் கைகுலுக்கிக் கொண்டார்கள். மிச்சக் கரண்ட் இறங்க, மண்ணோடு இணைத்த எர்த் தடியை ஒருவன் முதலில் இயந்திரத்தில் கொளுவி மாட்டாமல், சுற்றியுள்ள வேலிக்குள் மற்ற ஒருவரும் கால்வைக்கக் கூடாது. என்னைக் கூப்பிட்டார்கள். அத்தனை படித்த தலைகளும் வெளியே காத்துநிற்க, நான் கொளுவினேன்.

வெளியே வந்து போனை எடுத்தேன். பரீனாவின் குரல் வந்திருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ், நாங்க நல்லாரிக்கம். ஆட்டுக்கும் ஒண்டுமில்ல. பிரிஜ்தான் எரிஞ்சி பெய்த்து. வயர வெட்டாம உட்டிருந்தா ஊடே எரிஞ்சி பெய்த்திரிக்குமாம், காக்கா சொல்றாரு."

நான் எர்த் கொளுவும் நாடு என்னுடையதல்ல. எர்த் இல்லாத வீடு மச்சான் கட்டியது. எரிந்த பிரிஜாவது என்னுடையது என்று சொல்லலாமென்றால், அதைக் கடனுக்குத் தந்த கல்முனைக் கடைக்கு இன்னும் நாற்பத்தெட்டாயிரம் ரூபா கட்ட இருக்கிறது.