நாப்பத்தியோரு காது

பேய் ராத்திரியிலதான் வரும்னு எவனோ கெளப்பி விட்டுட்டான். அதை நம்பி எல்லாரும் பகல்ல தைரியமா திரியறாங்க. நான் சொல்லப்போறது பட்டப்பகல்ல நடந்தது. 1956, சித்திரை மாசம், ஒரு வியாழக்கிழமை. மணி சரியா பன்னெண்டு பத்து. கட்டுக்கதை வேணும்னா வேற ஆளைப் பாருங்க.

நான் பஷீருதீன். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மாட்டாஸ்பத்திரியில அப்போ குமாஸ்தா. பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து போயிடற ஆள். ஆனா கடைசியில அந்தப் பொடி டப்பாவைத் திறந்தது என் கை. அல்லாமேல சத்தியமா, அதனாலதான் வாயைத் திறக்கறேன்.

நடந்தது ஞானதாசுக்கு. எங்க கம்பவுண்டர். மருந்து கலக்கறது, ஊசியைக் கொதிக்க வெக்கறது, மாட்டைக் கயிறு போட்டுச் சாய்க்கறது, ஊர் ஊராப் போய்த் தடுப்பூசி போடறது, எல்லாம் அவன்தான். டாக்டர் கையெழுத்துப் போடுவார். ஞானதாசோட அப்பனும் பாட்டனும் அடுத்தவன் வயல்ல கூலிக்கு நாத்து நட்டவங்க. அந்தக் குடும்பத்துல மாசச் சம்பளம் பாத்த மொத ஆள் இவன். வேலை போச்சுன்னா மறுபடி சேத்துலதான் இறங்கணும்னு அடிக்கடி சொல்லுவான்.

கோவக்காரன். ஆனா வேலை சுத்தம். புதுசா வர்ற அட்டெண்டர்களைத் திட்டித் திட்டியே பழக்குவான். "பின்னாடி போய் நிக்காதடா, ஒண்ணு வுட்டுச்சுன்னா பல்லு எகிறிடும். மொதல்ல கொரல் குடு, அப்பால முதுவுல கைய வை." இன்னொண்ணும் சொல்லுவான். "எதுக்கும் முன்னாடி காதைத் தொட்டுப் பாரு. கதகதன்னு கீதா, மாடு பொழைக்கும். சில்லுனு கீதா, மாட்டுக்காரனைக் கூப்ட்டு சொல்லிடு. அது தேறாது."

இந்தக் காது விஷயத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

அப்போ மாட்டுக்கு வர்ற வெக்கை நோய் ஊருக்கு ஊர் பரவிகிட்டிருந்தது. வந்தா ஒரு கொட்டகையே காலி. அதுக்குத்தான் தடுப்பூசி. ஊசி போட்ட மாட்டுக்கு வலது காதுல வட்டமா ஒரு ஓட்டை போடணும். பஸ் கண்டக்டர் டிக்கெட்டுல ஓட்டை போடற இடுக்கி இருக்கே, அதே ஜாடை, அதைவிடப் பெருசு. 'டக்'னு ஒரு சத்தம். ஓட்டை விழுந்தா அந்த மாட்டுக்கு வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். கீழ விழற காதுத் துண்டை மத்தவங்க அப்படியே விட்டுடுவாங்க. ஞானதாஸ் விட மாட்டான். பொறுக்கி ஒரு மூக்குப்பொடி டப்பாவுல போட்டுக்குவான். சாயங்காலம் எண்ணுவான். போட்ட ஊசி எத்தனையோ, துண்டும் அத்தனை இருக்கணும்.

முந்தின மாசம் ஒரு ஊர்ல அவனைக் கல்லால அடிச்சுத் துரத்திட்டாங்க. மருந்து பூரா வீணாப் போச்சு. டாக்டர் மெமோ குடுத்தார். டைப் அடிச்சது நான்தான். இன்னொரு தடவை மருந்து வீணானா வேலை கிடையாது. அவ்வளவுதான் அதுல இருந்தது.

அந்த வியாழக்கிழமை, காலைல எட்டே முக்கால் பஸ். கூட வர வேண்டிய அட்டெண்டர் சின்னராசு காய்ச்சல்னு படுத்துட்டான். ஞானதாஸ் தனியா, ஐஸ் போட்ட பிளாஸ்கைத் தோள்ல மாட்டிகிட்டு சதுரங்கப்பட்டினத்துல இறங்கினான். பாழடைஞ்ச கோட்டையைத் தாண்டி, மணல்லயே தெக்கால ரெண்டு மைல். அந்த ஊர் பேர் வேணாம். ஜனங்க இன்னும் இருக்காங்க.

பதினொண்ணு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தான். ஊர்ல ஒரு மாடு இல்லை. கதவெல்லாம் சாத்தியிருந்தது. கெணத்தாண்ட ஒரே ஒரு பொம்பளை. நாப்பது, நாப்பத்தஞ்சு வயசு. அவ பேரு 'வேண்டா'ன்னு அப்புறம் தெரிஞ்சுது.

"மாடுங்க எங்கம்மா?"

"விடியறதுக்கு முன்னயே ஓட்டிகினு போய்ட்டாங்க. நீ வர்ற சேதி தெரியும்."

"எங்க?"

"தெரியாது. நீ கெளம்பு."

"கொஞ்சம் தண்ணி குடுங்க, போறேன்."

"ஊசிக்காரனுக்கு இந்த ஊர்ல தண்ணி கெடையாது."

சொல்லும்போது அவ கண்ணு இவன் மொகத்துல இல்லை. இடுப்புல தொங்கின இடுக்கியிலயே இருந்தது. குடத்தைத் தூக்கிகிட்டு உள்ள போய் தாழ்ப்பாள் போட்டுகிட்டா.

ஞானதாசுக்கு வயிறு எரிஞ்சுது. இவனுங்க மாட்டைக் காப்பாத்த இவன் வெயில்ல சாகணும், இவனுங்க கதவைச் சாத்துவானுங்க. பிளாஸ்கைத் திறந்து பாத்தான். ஐஸ் கொட்டைப்பாக்கு அளவுல நாலு துண்டு. அது கரைஞ்சா மருந்து போச்சு. மருந்து போச்சுன்னா வேலை போச்சு.

ஊருக்கு வெளிய ஒத்தைப் புங்கமரம் நின்னுது. அங்கதான் நெழல். போய் உக்காந்தான். சுத்தி ஒரு புல்லு முளைக்கலை. மண்ணு வெள்ளை வெள்ளையா கெடந்தது. கடலோரம்தானே, கிளிஞ்சல் நொறுங்கிக் கெடக்குதுன்னு நெனைச்சான். கடலோரம் இல்லாத ஊரா இருந்தா அவனுக்கு உடனே புரிஞ்சிருக்கும். நோயில செத்த மாட்டை எப்படிப் பொதைக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்றவனே அவன்தான்.

மணி பன்னெண்டு பத்து.

சவுக்குத் தோப்புப் பக்கத்துலேருந்து ஒரு ஆள் வந்தான். ஒல்லி. தலையில துண்டு, வலது காதை மூடி தாடையோட இறுக்கிக் கட்டியிருந்தான். பின்னாடி மாடுங்க. வரிசையா... ஒண்ணு பின்னாடி ஒண்ணு.

"ஊசி போடத்தானே வந்த? போடு."

குரல் கரகரன்னு இருந்தது. பிளாஸ்கைப் பாத்தான்.

"தண்ணியா?"

"மருந்து."

"தண்ணி இல்ல?"

"இல்லண்ணாத்த. ஊர்ல கேட்டேன், குடுக்கல."

அந்த ஆள் தலையை மட்டும் ஆட்டினான்.

ஞானதாசுக்கு ஒரே சந்தோஷம். கர்த்தர் கண்ணைத் தொறந்துட்டாருன்னு மருந்தைக் கலக்கினான். கலக்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும். அவசர அவசரமா ஆரம்பிச்சான். கழுத்துத் தோலை இழுத்து ஊசி. அப்புறம் காது. டக். அடுத்தது. டக்.

அந்த ஆள் மாட்டைப் பிடிச்ச விதத்தை ஏழாவது மாட்டுலதான் கவனிச்சான். ரெண்டு வெரலை மூக்குக்குள்ள விட்டு, தலையைத் திருப்பி, தன் இடுப்போட அணைச்சுப் பிடிச்சான். ஊர்க்காரன் பிடிக்கற பிடி இல்லை அது. எங்க டிப்பார்ட்மெண்டுல சொல்லிக் குடுக்கற பிடி.

"இதை எங்க கத்துகின?"

"உன்ன மாதிரிதான்."

மணி பன்னெண்டு முப்பத்தஞ்சு. பதினாலு மாடு முடிஞ்சுது. அப்பதான் ஒண்ணொண்ணா உறைச்சுது. இத்தனை மாடு நிக்குது, ஒரு ஈ இல்லை. ஒண்ணுகூட சாணி போடலை. ஒண்ணுகூட வாலை ஆட்டலை. ஊசி ஏறும்போது தோலைச் சிலிர்க்காத மாட்டை அவன் பாத்ததே இல்லை.

ஓட்டை போட்ட காதைப் பாத்தான். ரத்தம் வரலை.

ஒரு சொட்டாவது வரணும். எந்த மாட்டுக்கும் வரலை.

காதை உள்ளங்கையில வெச்சுப் பாத்தான். சில்லுனு இருந்தது. சித்திரை வெயில்ல... ஐஸைத் தொட்ட மாதிரி. அடுத்ததைத் தொட்டான். சில்லுனு. அதுக்கும் அடுத்தது.

இவ்வளவும் சாகப் போற மாட்டோட காது. ஆனா எல்லாம் காலை ஊனி நிக்குது.

அப்பவே ஓடியிருக்கலாம். ஏன் ஓடலைன்னு நானும் திட்டினேன். "மெமோ கண்ணு முன்னாடி நின்னுது, பஷீரு"ன்னான். பயத்தைவிட அந்தக் காகிதம் பெருசாத் தெரிஞ்சிருக்கு. பாவி, மேலயும் போட்டான்.

டக்.

டக்.

மணி ஒண்ணு. முப்பத்தெட்டு. மருந்து அடியில நின்னுது. அந்த ஆள் மொகத்துல வேர்வையே இல்லை. பக்கத்துல நிக்கறான்... மூச்சு விடற சத்தமும் இல்லை.

முப்பத்தொம்பது. டக்.

நாப்பது. டக்.

நாப்பத்தி ஒண்ணு. டக். பாட்டில் காலி.

"முடிஞ்சுது."

"இல்ல."

"மருந்து இல்லண்ணாத்த. மாடும் இல்ல."

"ஒண்ணு பாக்கி கீது."

ஞானதாஸ் திரும்பிப் பாத்தான். பின்னாடி மாடே இல்லை. ஊசி போட்டதும் இல்லை, ஒண்ணுமே இல்லை. வெள்ளை மண்ணுல குளம்புத் தடம்கூட இல்லை. இவன் காலடி மட்டும்தான்.

அந்த ஆள் துண்டை அவுத்தான்.

வலது காதுல வட்டமா ஒரு ஓட்டை. அதுக்குள்ளாற... அந்தப் பக்கத்து வெயில் தெரிஞ்சுது.

ஞானதாஸ் தன் இடுப்பைத் தொட்டான். இடுக்கி இல்லை.

அது அந்த ஆள் கையில இருந்தது.

ரெண்டு வெரல் ஞானதாஸ் மூக்குக்குள்ள போச்சு. தலையைத் திருப்பிச்சு. இடுப்போட அணைச்சுச்சு.

சில்லுனு...

டக்.

எப்படி ஓடினான்னு அவனுக்கே தெரியாது. வேண்டா வீட்டுக் கதவுல போய் மோதி விழுந்தான். பிளாஸ்கும் டப்பா இருந்த பையும் கழுத்துல சுத்திகிட்டு இருந்தது. மணி ஒண்ணு இருபது. இந்தத் தடவை அவ கதவைத் திறந்தா.

முதல்ல காதைத் தொட்டுப் பாத்தான். முழுசா இருந்தது.

"மரத்தாண்ட போனியா?"

தலையை ஆட்டினான்.

"எத்தினி மாட்டுக்குப் போட்ட?"

"நாப்பத்தி ஒண்ணு."

அவ வாசப்படியிலயே குந்திட்டா. அப்புறம் அவன் மொகத்தைப் பாக்காமலே சொன்னா. "யுத்த காலத்துல ஒருத்தன் வந்தான். ஏசுதாஸ்னு பேரு. உன் ஜோலிதான். ஊசி போட்டான். எட்டாம் நாளுக்குள்ள நாப்பத்தி ஒரு மாடும் போச்சு. அந்த மரத்தடியில பள்ளம் வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் பொதைச்சாங்க. அந்த ஆளு மறுபடியும் வந்தான், இன்னா ஆச்சுன்னு பாக்க. புடிச்சுக்கினாங்க. அவன் இடுக்கியாலயே அவன் காதுல போட்டாங்க. மரத்துல கட்டிட்டாங்க. ரெண்டு நாளு தண்ணி கேட்டுகினே இருந்தான்."

"அப்புறம்?"

"பள்ளத்தை முழுசா மூடலை அப்போ. மாட்டோட மாடா..." தலைப்பை இழுத்துப் போத்திகிட்டா. "கயிறு புடிச்சது எங்க நைனா. சொல்லிட்டேன். நீ வெளில சொன்னியானா உனக்கும் அதான். போ."

தண்ணி குடுக்கலை.

மறுநாள் என்கிட்ட மட்டும் சொன்னான். நான் சிரிச்சேன். "வெயில் மண்டையில ஏறிடிச்சுடா, மச்சான்"ன்னேன். ரிஜிஸ்தர்ல என்ன எழுதறதுன்னு கேட்டேன். "நாப்பத்தி ஒண்ணுன்னு எழுது. மருந்து தீந்தது நெஜம்தானே"ன்னான். எழுதினேன். டாக்டருக்குப் பரம திருப்தி. ஆனா அன்னிக்கு மட்டும் ஞானதாஸ் காதுத் துண்டை எண்ணலை. டப்பாவை நூலால சுத்திக்கட்டி அலமாரிக்குள்ள தள்ளிட்டான்.

சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் பழைய ஃபைல் கட்டைப் புரட்டினேன். 1943. ஏசுதாஸ், கம்பவுண்டர். 'சொல்லாமல் வேலையை விட்டு ஓடிவிட்டார்'னு ஒரே வரி. அப்புறம் எனக்குச் சிரிப்பு வரலை.

இருபது நாள்ல அந்த ஊருக்கு வெக்கை வந்துடிச்சு. டாக்டரே நேர்ல போனார். செத்த மாடு, சாகக் கெடந்த மாடு, எல்லாத்தையும் பாத்தார். ஒண்ணுக்காவது காதுல ஓட்டை இல்லை. மருந்தைக் கடல்ல கொட்டிட்டுப் பொய்க்கணக்கு எழுதிட்டான்னு வந்து குதிச்சார். விசாரணை வெச்சார். மேசைக்கு இந்தப் பக்கம் நான், எழுதறதுக்கு. அந்தப் பக்கம் ஞானதாஸ்.

"ஊசி போட்டதுக்கு என்ன அத்தாட்சி?"

ஞானதாஸ் அலமாரியைக் காட்டினான். வேற அத்தாட்சி அவன்கிட்ட இல்லை.

"பஷீருதீன், எடுத்துத் திறங்க."

நூலை அவுத்தேன். மூடியைத் திறந்து ஒரு காகிதத்துல கொட்டினேன். சுண்ணாம்பு வாடை அடிச்சுது. காதுத் துண்டுங்க காஞ்சு, கறுத்து, சுருங்கிக் கெடந்தது. தொட்டா பொடியாப் போச்சு. மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா கெடந்த துண்டுங்க. எண்ணினேன். நாப்பத்தி ஒண்ணு.

டப்பா இன்னும் கனமா இருந்தது.

தட்டினேன். ஒண்ணு விழுந்தது.

அதுல மயிர் இல்லை. மெத்துனு இருந்தது. ஓரத்துல ரத்தம்... ஈரமாவே இருந்தது.

டாக்டர் நாற்காலியைப் பின்னால தள்ளினார். "இது எந்த மாட்டோடது?"

ஞானதாஸ் கை மெதுவா அவன் வலது காதுக்குப் போச்சு. காது முழுசாத்தான் இருந்தது. நான் நல்லாப் பாத்தேன்.

எழுந்து போய் நானும் தொட்டேன். வைகாசி மாசம், அனல் அடிக்குது. சுவர்க் கடிகாரத்துல மணி பன்னெண்டு பத்து.

அவன் காது சில்லுனு இருந்தது.