அசல் ஜரிகையில் கட்டிய ஃபேன்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் பாதி நேரம் மெஷினைப் பழுது பார்ப்போம். மீதி நேரம், மெஷினுக்குச் சொந்தக்காரர் ஏற்கெனவே பார்த்து வைத்த பழுதைப் பார்ப்போம். கடை போட்டு உட்கார்ந்திருக்கும் சக பாவிகளுக்கு இது புரியும். ஆரணியில் என்னைப் பாடாய்ப் படுத்திய ஒரு மதர்போர்டின் கதை இது.

லேசாக ஓர் அமுக்கு

தனசேகர் பட்டுப் புடவைக்கு, தறியில் ஏற்றும் ஜக்கார்டு டிசைனைக் கம்ப்யூட்டரில் போடுபவர். சித்திரை வெயிலில் அவர் கம்ப்யூட்டர் சூடாகிச் சூடாகி நின்றுவிடும். வேலூர் போய், உள்ளே போர்டின் மேல் மாட்டும் ஃபேனில் பெரியதாக ஒன்று வாங்கி வந்து, என்னிடம் காட்டாமல் தாமே மாட்டியிருக்கிறார். கிளிப் இறங்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அமுக்க, அது வழுக்கிப் போர்டில் பாய்ந்துவிட்டது. கிளிப்பைத் தாங்கும் கொக்கி உடைந்து, போர்டின் மெல்லிய செம்புக் கோடுகள் சில அறுந்திருந்தன.

அந்த மாடல் போர்டு வருவது எப்போதோ நின்றுவிட்டது. அவருடைய டிசைன் சாஃப்ட்வேரோ வேறு மெஷினில் ஓடாது. உள்ளே இருந்தது அவர் மகளின் கல்யாணப் புடவை டிசைன்; அதற்காகத் தறி காத்துக்கொண்டிருந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நான் லேசாத்தான் அமுக்கினேங்க. போர்டுதான் பூஞ்சையா இருக்குது."

நூலே இல்லையா?

பூதக்கண்ணாடியில் பார்த்து, முடி கனத்துக்குக் கம்பி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஈயம் பற்றவைத்தேன். மெஷின் ஓடியது. கொக்கிக்கு நாளைக்கு வழி பண்ணுகிறேன் என்றேன். கேட்டால்தானே? கல்யாண வேலை, ஜல்தி என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலமே திரும்பி வந்தார், கருகல் வாசனையோடு. மெஷினைத் திறந்தால், ஃபேன் ஆடாமல் இருக்க அதை ஜரிகையால் இறுக்கிக் கட்டியிருக்கிறார். முடிச்சு பிரமாதம். ஆனால் அசல் ஜரிகையில் இருப்பது வெள்ளி. அதன் வழியாக மின்சாரம் ஜம்மென்று பாய்ந்து ஷார்ட் ஆகிவிட்டது. பிளாஸ்டிக்கில் வரும் போலி ஜரிகையாக இருந்தால்கூடப் போர்டு பிழைத்திருக்கலாம். "ஏங்க, வீட்டில் சாதா நூலே இல்லையா?" என்று கத்திவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. "பொண்ணு கல்யாணப் பொடவை உள்ள இருக்குதுங்க. அதைப் போய் சாதா நூல்ல கட்ட மனசு வருமா?"

மகள் பார்த்தாள்

செத்துப்போன பழைய போர்டிலிருந்து பாகங்களைப் பிடுங்கி, கருகியவற்றை மாற்றி, ஃபேனை நானே திருகாணி போட்டு நிறுத்தினேன். ஸ்விட்சைப் போட்டபோது தனசேகர் கண்ணை மூடிக்கொண்டார். உண்மையைச் சொன்னால், நானும்தான்.

டிசைன் வந்தது. முழ அகல பார்டர் முழுக்க யானைகள். கூட வந்திருந்த மகள் அன்றைக்குத்தான் அதை முதல்முறை பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குதுப்பா. ஆனா இத்தினி யானையையும் சுமந்துகினு மணவறையில எப்படிப்பா உக்கார்றது? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள்.

தனசேகர் என் ஸ்டூலில் உட்கார்ந்து, மவுஸைப் பிடித்து, யானைகளை அழிக்க ஆரம்பித்தார். கொஞ்சம் கழித்து என் பக்கம் திரும்பினார். "சார், கடையை மூடிடாதீங்க. ஒரு யானையாவது மிஞ்சுதான்னு பாக்கலாம்."

வெயிலில் கருகி வந்த போர்டுகளைவிட, பாசத்தில் கருகி வந்தவைதான் இந்தத் தொழிலில் எனக்கு அதிகம் வேலை வைத்தன.