மொட்டைமாடியில் காய வைத்த மடிக்கணினி

2008-ஆம் ஆண்டு நவம்பர் முப்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். ஐந்து நாள் விடாமல் பெய்த மழை முந்தின நாள்தான் ஓய்ந்திருந்தது. மாமல்லபுரத்தின் மேல் சுள்ளென்று வெயில். கடல் பக்கமிருந்து வாடைக்காற்று. எங்கள் மொட்டைமாடியில் அந்த நிமிடம் காய்ந்துகொண்டிருந்தவை: மெத்தை இரண்டு, தலையணை ஐந்து, என் பள்ளிப் புத்தகங்கள் ஒன்பது, அரைக் கிலோ மிளகாய், அம்மாவின் மடிக்கணினி ஒன்று.

எண்ணிக்கையில் சந்தேகம் வேண்டாம். எனக்கு அப்போது வயது பதினொன்றுதான். ஆனாலும் வீட்டில் என்னைக் கிழவன் என்றே கூப்பிட்டார்கள். படி ஏறினால் எண்ணுவேன், தட்டில் இட்லி விழுந்தால் எண்ணுவேன், படுக்கப்போகும் முன் கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். இன்றும் அப்படித்தான். என் வயது இன்னும் அந்தப் பெயரை எட்டிப் பிடிக்கவில்லை, அவ்வளவே.

மடிக்கணினி வெயிலுக்கு வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். அம்மா வீட்டிலிருந்தபடி ஆய்வேடுகள் தட்டச்சு செய்து கொடுப்பாள். செங்கல்பட்டிலும் மதுராந்தகத்திலும் எம்.ஃபில். படிப்பவர்கள் கையால் எழுதிக் கொண்டுவந்து தருவார்கள்; பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய். அதற்காகவே யாரோ வைத்திருந்து விற்ற ஒரு மடிக்கணினியை வாங்கியிருந்தாள். அந்த வாரம் அவள் கையில் இருந்தது திருக்கழுக்குன்றத்துப் பெண் ஒருத்தியின் ஆய்வேடு. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு படித்தவள். மொத்தம் நூற்று எண்பத்தாறு பக்கம். செவ்வாய்க்கிழமை மாலை வந்து வாங்கிப்போக வேண்டும், புதன்கிழமை பல்கலைக்கழகத்தில் சேர்த்தாக வேண்டும், அதுதான் கடைசி நாள். அம்மா நூற்று அறுபத்தொரு பக்கம் முடித்திருந்தாள். அந்த நூற்று அறுபத்தொன்றும் கணினிக்குள் மட்டுமே இருந்தன. வேறு பிரதி கிடையாது.

சனிக்கிழமையே அது மேசையில் நேராக உட்காராமல் ஆட ஆரம்பித்தது. அடிப்பக்கம் புடைத்திருந்தது. விரலால் தேய்க்கிற இடம் மேலே எழும்பி, மூடியை மூடினால் வாய் பிளந்துகொண்டது. "பூரி மாதிரி உப்பிட்டு வருதுங்க" என்றாள் அம்மா.

அப்பா அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், ஒரே சொல்லில் தீர்ப்புச் சொன்னார்: "ஊறிடுச்சு." எங்களில் யாருக்கும் அதில் ஐயம் வரவில்லை. கடலோரத்து வீடு அது. மழைக்காலம் வந்தால் குளியலறைக் கதவு உப்பிக்கொண்டு மூட மறுக்கும், மேசை இழுப்பறை வெளியே வராது, அப்பாவின் வரைபலகை வளையும். மூன்று நாள் வெயில் பட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கதவுக்குச் சரியென்றால் கணினிக்கும் சரிதானே. எனவே ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அதை மெத்தைக்கும் மிளகாய்க்கும் நடுவில் கவிழ்த்து வைத்து, காக்கை வராமல் பார்த்துக்கொள்ள என்னைக் குச்சியோடு உட்கார வைத்தார்கள். ஒரு மணி நாற்பது நிமிடத்தில் பதினான்கு காக்கைகளை விரட்டினேன்.

பத்து நாற்பதுக்கு மேலே வந்த அப்பா அடிப்பக்கத்தை அமுக்கிப் பார்த்தார். உப்பல் குறையவில்லை, கூடியிருந்தது. சற்று யோசித்துவிட்டுக் கீழே போனவர், தம்முடைய பெட்டியிலிருந்து கூர்முனை வைத்த பெரிய காம்பஸை எடுத்து வந்தார். "உள்ள காத்து போயிருக்கு. ஒரு ஓட்டை போட்டு எடுத்துட்டா அடங்கிடும்" என்று குந்தி உட்கார்ந்தார். இடுக்கு வழியாக முனையை நுழைக்க இடம் தேடினார்.

"வாத்தியாரே! இன்னா பண்றீங்க? கைய எடுங்க! கைய எடுங்க சார்!"

பக்கத்து மாடியிலிருந்து வந்த குரல். அந்த வீட்டுக்காரர் பேருந்து நிலையத்தருகே செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். எங்கள் இரு வீட்டுக்கும் ஓராண்டு எட்டு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவர் மாடியின் மழைநீர்க் குழாய் எங்கள் சுவரைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். அப்பா தலையைத் திருப்பவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "கிழவா, இது நம்ம வீட்டு விஷயம்னு அவர்கிட்ட சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "உங்க வூட்டு விஷயந்தான், யாரு இல்லன்னா? வெடிச்சா என் வூட்டுக்கும் வரும் சார்!"

சொல்லிக்கொண்டே அவர் கைப்பிடிச் சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் குதித்துவிட்டார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதல் வேலையாக அப்பாவின் கையிலிருந்த காம்பஸைப் பிடுங்கித் தூரப் போட்டார். ஓர் ஆசிரியர் கையிலிருந்து ஒருவர் பொருளைப் பிடுங்குவதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"இது ஈரத்துல உப்பல சார். உள்ள பேட்டரி கெட்டுப்போயி கேஸ் கட்டிகினுகீது. நீங்க வெயில்ல வேற வெச்சிகினுகீறீங்க. குத்தனீங்கன்னா நெருப்பு பீச்சிகினு வரும். இதோ பாருங்க." முழங்கையின் உட்புறத்தைக் காட்டினார். தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது. "ஒரே ஒரு செல்போன் பேட்டரி. தீப்பெட்டி அளவுதான். இது எத்தினி பெருசு!"

அப்பா எழுந்து நின்றார். 

பக்கத்து வீட்டுக்காரர் கணினியை இரண்டு கையாலும் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்துப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்தார். பிறகு என்னிடம், "தாத்தா, ஓடிப்போயி ஒரு கொடம் தண்ணி எடுத்துகினு வா. மெதுவா வா, சிந்தாம" என்றார். இறங்கப் பதினேழு படி, ஏறப் பதினேழு படி. சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தபோது அவர் அந்தக் குடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டுவிட்டு மறந்துவிட்டாரே என்று எனக்கு எரிச்சல். அந்த வேலைக்குத் தண்ணீர் தேவையே இல்லை, நான் அந்த மாடியில் இல்லாமலிருப்பதுதான் தேவைப்பட்டது என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் திரும்பி வந்தபோது பேட்டரி வெளியே வந்துவிட்டிருந்தது. பூட்டு இறுகிப்போயிருந்ததாம். இரும்பு எதுவும் வேண்டாம் என்று, அப்பாவின் பிளாஸ்டிக் அடிக்கோலை இடுக்கில் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுத்திருந்தார். வயிறு புடைத்துக் கிடந்தது அது. அதைப் புதைத்து வைக்க உலர்ந்த மணல் வேண்டும் என்றார். ஐந்து நாள் மழைக்குப் பிறகு மாமல்லபுரத்தில் உலர்ந்த மணலுக்கு எங்கே போவது? அப்பாதான் முதன்முறையாக அவரிடம் நேரே பேசினார்: "சிற்பக் கொட்டகையில கல்தூள் நனையாம இருக்கும். ஆகுமா?" "சூப்பரா ஆவும் சார்" என்றார் அவர். அப்பாவே போய் இரும்பு வாளியில் கொண்டுவந்தார். மாடியின் ஒதுக்குப்புறத்தில், மெத்தைகளுக்கு எட்டாத தூரத்தில், அந்தக் கறுப்பு வஸ்து கல்தூளுக்குள் அடங்கியது. பத்துப் பதினைந்து நாள் கழித்து, பழைய பேட்டரி எடுக்கும் ஆளிடம் அவரே அதைச் சேர்ப்பித்தார்.

கீழே அம்மா மேசையருகே காத்து நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர் பேட்டரி இல்லாமல், வெறும் மின்சாரத்தில் கணினியைப் போட்டுக் காட்டினார். திரை வெளிச்சமானது. கோப்பைத் திறந்தாள், நூற்று அறுபத்தொன்றும் இருந்தன. அம்மா உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "காபி குடிச்சிட்டுத்தான் போகணும் தம்பி" என்றாள். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

விஷயம் அத்துடன் முடியவில்லை. மழைக்குப் பிறகு மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்த நேரம் அது. பேட்டரி இல்லாத கணினி, விளக்கு அணைந்தால் தானும் அணைந்துவிடும். பிற்பகலில் மட்டும் ஆறு தடவை மின்சாரம் போனது. சேமிப்பதற்குள் போய்விட்ட பத்திகளை அம்மா மறுபடி மறுபடி அடித்தாள். மாலை வரை மல்லுக்கட்டியும் தேறியது மூன்றே பக்கம். இந்தக் கணக்கில் செவ்வாய்க்கிழமைக்குள் முடியாது என்று நான் காகிதத்தில் வகுத்துக் காட்டினேன். அம்மா என்னை அடிக்க வந்தாள்.

சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். "நாளிக்கி நான் மெட்ராஸ் போயி வாங்கியாரேங்க்கா. தாத்தா, கணக்குப் புலி, அந்தப் பேட்டரி மேல கீற நம்பர எழுதிக் குடு. ஒண்ணு தப்பா இருந்தாலும் போன வேல கெட்டுடும்." அவர் கல்தூளை ஒதுக்கிப் பிடிக்க, எட்ட நின்றபடி எழுதினேன். எழுத்தும் எண்ணுமாகப் பதினான்கு. நான்கு தடவை சரிபார்த்தேன். என் கவலைக் குணத்தை ஒருவர் வேலைக்கு எடுத்துக்கொண்டது அதுவே முதல் முறை.

திங்கட்கிழமை அப்பாவுக்குப் பள்ளி. தானும் வருவதாகச் சொல்லிப் பார்த்தார். லீவு போட வேண்டாம் என்று அவர் தடுத்துவிட்டார். கடையைப் பூட்டிவிட்டு, காலை ஆறே கால் பேருந்தில் செங்கல்பட்டு போய், அங்கிருந்து மின்சார ரயில் பிடித்துச் சென்னை போனார். அன்று பள்ளியில் நான் என்ன படித்தேன் என்பது நினைவில்லை. அவர் வரவில்லையென்றால், கிடைக்கவில்லையென்றால், கிடைத்தது பொருந்தவில்லையென்றால் என்று மூன்று கவலைகளை மாற்றி மாற்றிப் பட்டுக்கொண்டிருந்தேன்.

இரவு ஏழு ஐம்பதுக்கு வந்தார். சட்டை உப்புப் பூத்திருந்தது. "எட்டுக் கட ஏறி எறங்கினேன்கா. ஒருத்தன் வேற நம்பரக் குடுத்து இதான்னு சாதிக்கிறான். தாத்தா எழுதனத மூஞ்சிக்கு நேரா நீட்டினேன், கம்முன்னு ஆயிட்டான்." புதியதை உள்ளே தள்ளினார். 'டக்' என்று உட்கார்ந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. சார்ஜ் ஏறியபின் அம்மா சுவிட்சை அணைத்தாள், திரை அணையவில்லை. மறுநாள் பகலில் எத்தனை தடவை மின்சாரம் போனதென்று நான் எண்ணவே இல்லை. பிற்பகல் மூன்றரைக்கு நூற்று எண்பத்தாறாம் பக்கம் முடிந்தது. திருக்கழுக்குன்றத்துப் பெண் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து வாங்கிப்போனாள். புதன்கிழமை சேர்த்தும்விட்டாள்.

திங்கள் இரவு நடந்தது ஒன்று பாக்கி இருக்கிறது. எவ்வளவு ஆயிற்று என்று அப்பா கேட்டார். "மூவாயிரத்து ஐந்நூறு சார்" என்றார் அவர். அப்பா ஏழு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி எடுப்பதற்குள், அட்டைப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்த என் கையில் பில் அகப்பட்டது. உரக்கப் படித்தேன்: "நாலாயிரத்து நூறுன்னு போட்டிருக்கு. தப்பாச் சொல்லிட்டீங்க."

அவர் பில்லை என் கையிலிருந்து உருவி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பில்லு ஏத்திதான் போடுவாங்க தாத்தா. கடைன்னா அப்டித்தான். உனுக்கு வெவரம் பத்தாது."

அப்பா அவரை ஏறிட்டுப் பார்த்தார். இன்னும் இரண்டு தாள் எடுத்து நீட்டினார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அம்மா, "கிழவா, உள்ள போ" என்றாள். அவள் குரல் ஏன் அப்படி இருந்ததென்று எனக்கு விளங்கவில்லை. கடைக்காரர்கள் பில்லில் கூட்டி எழுதுவார்கள் என்ற உலக ரகசியத்தைத் தெரிந்துகொண்ட பெருமையோடு உள்ளே போனேன். வகுப்பில் பலரிடம் சொல்லவும் செய்தேன்.

வாங்குகிறவரிடம் குறைத்து வாங்கிக்கொண்டு, பில்லை மட்டும் ஏற்றி எழுதுகிற கடை எதையும் அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அது புரிந்த வயதில் அந்தக் கணக்கை மறுபடி போட்டேன். பில்லுக்கும் அவர் வாங்கிக்கொண்டதற்கும் வித்தியாசம் அறுநூறு. பேருந்து, போக வர இருபத்திரண்டு. ரயில், போக வர இருபத்து நான்கு. பூட்டிக் கிடந்த கடையின் ஒரு நாள் வருமானம் எனக்குத் தெரியாது, சேர்க்கவில்லை. அது நீங்கலாக, பேசாத வீட்டுச் சுவரைத் தாண்டிக் குதித்ததில் அவருக்கு ஆன செலவு அறுநூற்று நாற்பத்தாறு ரூபாய்.