வலது பக்கத்து இருக்கை

திங்கட்கிழமை காலை மருந்தறையில் இருமல் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். நர்ஸ் எஸ்தர் வாசலில் வந்து நின்று, "சார், நம்ம டிரைவரு போயிட்டாராம். வேலைக்குக் கெளம்பி சட்ட போடறப்ப நெஞ்ச வலிச்சிருக்கு" என்றார். கையிலிருந்த அளவுக் குவளையை எங்கே வைத்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

எங்கள் ஓசூர் மிஷன் ஆஸ்பத்திரியின் ஓட்டுநர் சவரியப்பனை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பதினைந்து வருடம் தேன்கனிக்கோட்டை வழியில் பஸ் ஓட்டியவர். அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு அத்துப்படி. எங்களிடம் தமிழில் பேசுவார், சந்தையில் கன்னடத்தில் பேரம் பேசுவார், எருமை குறுக்கே வந்தால் தெலுங்கில் திட்டுவார். அப்பேர்ப்பட்டவரை ஒரு வண்டி நடுங்க வைத்தது.

நம் மாநிலத்துக்கு இன்னும் மதராஸ் என்றே பெயர் இருந்த நாளில், வெளிநாட்டு அன்பர்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு வேன் அனுப்பினார்கள். அதில் ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. முதல் வாரம் முழுக்க சவரியப்பன் பழக்கதோஷத்தில் வலது கதவைத் திறந்து ஏறி, ஸ்டியரிங் இல்லாத இடத்தில் கம்பீரமாக உட்கார்ந்தார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தபடி, வேர்த்த உள்ளங்கைகளைத் துடைத்துக்கொள்வார்.

முன்னால் போகும் வண்டியைத் தாண்ட எதிரே வருவது தெரிய வேண்டும். இடது பக்கம் இருப்பவருக்கு முன்வண்டியின் முதுகுதான் தெரியும். ஒருநாள் ராகி வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டிக்குப் பின்னாலேயே மூன்று மைல் ஊர்ந்தோம். கடைசியில் வண்டிக்காரர் இறங்கி வந்து, வேன் ரிப்பேரா, கயிறு கட்டி இழுக்கட்டுமா என்று தெலுங்கில் அக்கறையாக விசாரித்தார். அன்று மாலை சவரியப்பன் என்னிடம் வந்தார்.

"சார், டாக்டரம்மாகிட்ட சொல்லிடுங்க. நான் பஸ்ஸுக்கே போயிடறன். இதுல ஒரு உசுரு போச்சுன்னா எனக்குத் தாங்காது."

நான் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்பதே உண்மை. பின்னால் அதைத் தீர்க்கதரிசனம் என்று பெருமையடித்துக்கொண்டேன்.

அந்த வாரமே தேன்கனிக்கோட்டையில் நாங்கள் நடத்திய மருத்துவ முகாமில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலானது. "சீக்கிரம் ஓசூர் சேரலன்னா ரெண்டு உசுரும் நிக்காது" என்றார் எஸ்தர். அவளை வேனில் ஏற்றிக் கிளம்பினோம்; முன்னால் வலது இருக்கையில் நான். பாதி வழியில் மைசூர் லாரி ஒன்று பாரத்தோடு திணறிக்கொண்டு முன்னால் போனது. சவரியப்பன் தாண்டாமல் அதன் பின்னாலேயே ஊர்ந்தார். பின்னால் அந்தப் பெண் முனகிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ரோட்டப் பாருங்க. வலது பக்கம் என் பொறுப்பு" என்றேன்.

அவர் என் சோடாபுட்டிக் கண்ணாடியைப் பார்த்தார். "உங்க கண்ண நம்பியா?" என்றவர், பின்னால் மறுபடி முனகல் கேட்கவும், "செரி, கண்ணாடியத் தொடச்சிப் போட்டுக்குங்க சார்" என்றார்.

துடைத்தேன். தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "எதிர ஒண்ணும் வரல, போலாம்" என்றேன். தாண்டினார். தாயும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. அதன்பின் அவர் பஸ் பேச்சை எடுக்கவில்லை. வலது இருக்கை என்னுடையதாயிற்று. ஒவ்வொரு பயணத்திலும், "கண்ணாடி தொடச்சாச்சா சார்?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் வண்டியைக் கிளப்புவார்.

சொந்த ஊரில் அடக்கம் செய்ய அவரை அதே வேனில் கொண்டுபோனோம். அவர் மனைவி பின்னால் பெட்டியின் மேல் கைவைத்து உட்கார்ந்திருந்தார். வேறிடத்திலிருந்து வந்த ஓட்டுநர் வலது கதவைத் திறந்தார். அங்கே நான் இருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. மத்திகிரி தாண்டியதும் ஒரு மாட்டுவண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியல சார். பாத்துச் சொல்லுங்க, போலாமா?" என்றார் ஓட்டுநர்.

கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"பின்னாலயே போங்க. அவருக்கு இன்னிக்கு அவசரமில்ல" என்றேன்.

பெட்டி குழிக்குள் இறங்கியபோது கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சவரியப்பன், எதிரே ஒன்றும் வரவில்லை. போகலாம்.